குடும்ப வழக்கேடு யாருடைய உடைமை?

நீதி வழங்கப்பட்டாற் போதாது, அது வழங்கப்படுவது பலரும் காணத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பது ஆங்கிலச் சட்டமரபின் பழங்கோட்பாடு. அம்மரபின் வழிவந்த ஐக்கிய அமெரிக்கா, தன் நீதிமன்ற ஏடுகள் யாவர்க்கும் திறந்து கிடக்கின்றன என்று பெருமை பேசுவது வழக்கம். கொலைவழக்கு, வணிகவழக்கு என்பன பற்றி அப்பெருமை ஒருவாறு பொருந்தலாம். ஆனால் விவாகரத்து, பிள்ளைப் பாதுகாவல், தாபரிப்பு, வீட்டு வன்முறைக்கு எதிரான தடைக்கட்டளை ஆகியன அடங்கிய குடும்ப வழக்கேடுகளை நோக்குமிடத்து, அது பாதியுண்மையாகவே முடிகின்றது. வேடிக்கை பார்ப்பவனுக்கு அவ்வேடு எளிதிற் கிட்டுகின்றது. அதை வைத்தே வாழவேண்டியவளுக்கு அரிதிற் கிட்டுகின்றது. இம்முரண்பாடு தற்செயலானதன்று. அது அந்நாட்டின் நிருவாக அமைப்பிலேயே வேர்கொண்டுள்ளது.

அந்நாட்டில் விவாகரத்து வழங்கும் அதிகாரம் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு இல்லை. அது மாநிலங்களைச் சார்ந்தது. மாநிலங்களோ அதனைக் கவுண்டிதோறும் பகிர்ந்து வைத்துள்ளன. கவுண்டி என்பது இலங்கையின் மாவட்டத்தை ஒருவாறு ஒத்த பிரிவு. லூசியானாவில் ‘பரிஷ்’ என்றும் அலாஸ்காவில் ‘பரோ’ என்றும் பெயர்பெறும் ஒத்த பிரிவுகளையுஞ் சேர்த்து எண்ணின் அவை 3,100 க்கு மேற்பட்டவை. 1966 இல் இயற்றப்பட்ட புகழ்பெற்ற தகவற் சுதந்திரச் சட்டம் கூட்டாட்சி நிருவாகத் திணைக்களங்களையே கட்டுப்படுத்தும். நீதிமன்ற ஏட்டைக் கோருபவருக்கு அது யாதொரு பயனுந் தராது. ஆகவே, ஏடு எங்கே இருக்கின்றது என்பதை முதலில் அறிந்தாலன்றி எவரிடமும் எதனையும் கேட்க இயலாது.

எங்கே இருக்கின்றது? விவாகம் நடந்த ஊரிலன்று. இப்பொழுது வாழும் ஊரிலுமன்று. வழக்குத் தாக்கல் செய்யப்பட்ட கவுண்டியிலேயே இருக்கின்றது. கலிபோர்னியாவில் விவாகரத்துக் கோருபவர், கணவன் மனைவி இருவருள் ஒருவரேனும் மாநிலத்தில் ஆறு மாதமும் அக்கவுண்டியில் மூன்று மாதமும் வசித்திருத்தலைக் காட்டவேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர்செல்லும் உழைப்பாளிக் குடும்பமொன்றில், அக்காலத்தில் யார் எங்கே வசித்தார் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் அரிது. அம்மாநிலத்தின் 58 கவுண்டிகளுள் எதுவென்று தெரியாதவர் தலைநகரத்துச் சுகாதாரத் திணைக்களத்தை நாடலாம். ஆனால் அத்திணைக்களம் தரும் சான்று 1962 முதல் 1984 யூன் வரையான வழக்குகளுக்கு மட்டுமே உரியது. அதிலும் பெயர்கள், தாக்கல் செய்த நாள், கவுண்டி, வழக்கெண் என்பவையே காணப்படும், தீர்ப்புக் காணப்படாது.

டெக்சாஸில் 254 கவுண்டிகள். அம்மாநிலத் திணைக்களத்தின் விவாகரத்து அட்டவணை 1968 இலிருந்து தொடங்குகின்றது. அங்கிருந்து கிடைப்பது சரிபார்ப்புக் கடிதமேயன்றித் தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதியன்று. நியூயோர்க்கிலோ பெயரே வழிதவறச் செய்கின்றது. 1962 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ‘குடும்ப நீதிமன்றம்’ அங்கே உண்டு. பாதுகாவலும் தாபரிப்பும் அங்கு விசாரிக்கப்படும், விவாகரத்து விசாரிக்கப்படமாட்டாது. விவாகரத்து, ‘சுப்பிரீம் கோட்’ எனப் பெயர்கொண்டும் உண்மையில் முதனிலை நீதிமன்றமாய் அமைந்த வேறொரு மன்றத்திற்கு உரியது. அதன் ஏட்டைக் காப்பவர் கவுண்டிப் பதிவாளர். ஒரே குடும்பத்தின் ஒரே துயரம் இரு கட்டடங்களில், இரு எண்களின் கீழ், இருவேறு விதிகளுக்கு அமையக் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றது.

இவையெல்லாம் எழுதுவினைஞரின் சில்லறைச் சிக்கல்கள் எனச் சிலர் ஒதுக்கலாம். அவ்வாறு ஒதுக்குபவர் அவ்வேட்டின் பயனை அறியாதவர். வன்முறைக்கு அஞ்சிப் பிள்ளையுடன் வேறொரு மாநிலத்திற்குச் சென்ற தாயொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளை அவளிடம் இருக்கவேண்டும் என்ற கட்டளை முன்னரே வழங்கப்பட்டாயிற்று. அக்கட்டளையைப் புதிய மாநிலத்திற் பதிவுசெய்தற்கு, 1997 இல் வகுக்கப்பட்டுப் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ஒருசீரான பாதுகாவற் சட்டம் இரு பிரதிகளைக் கேட்கின்றது. அவற்றுள் ஒன்று அத்தாட்சிப்படுத்தியதாக இருத்தல் வேண்டும். அப்பிரதியோ அவள் எந்த ஊரை விட்டு ஓடிவந்தாளோ அந்த ஊரின் கருமபீடத்தில் இருக்கின்றது. வழக்கெண் வேண்டும், அதனை அறியாவிடில் இருவரின் முழுப்பெயரும் ஆண்டும் வேண்டும், எந்தப் பத்திரம், எந்த நாளுக்குரியது, சாதாரண பிரதியா அத்தாட்சிப்படுத்தியதா என எழுதிக் கேட்கவும் வேண்டும். ஏடு பழையதாயின் நுண்படச் சுருளிலோ வெளிக் களஞ்சியத்திலோ கிடக்கும்; அதுவரை காத்திருக்கவும் வேண்டும்.

அதன்மேற் கட்டணம். கலிபோர்னியாவிற் பிரதிக்குப் பக்கமொன்றுக்கு 50 சதம்; பத்து நிமிடத்திற்கு மேற்பட்ட தேடலுக்கு 15 டொலர்; அத்தாட்சிக்கு வேறு. வறியவர்க்குக் கட்டண விலக்கு உண்டென்று விடை கூறுவர். உண்டு, ஆயின் தீர்ப்பு வழங்கப்பட்டு 60 நாட்களின் பின் அவ்விலக்குக் காலாவதியாகின்றது. குடும்ப வழக்கேட்டின் தேவை அறுபதாம் நாளிலா எழுகின்றது? மறுவிவாகம், பிள்ளையின் கடவுச்சீட்டு, ஓய்வூதியப் பங்கு, தாபரிப்பு நிலுவை என்று பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலுமே எழுகின்றது. சட்டத்தரணியை அமர்த்த வல்லவனுக்கு இவையனைத்தும் ஒரு தொலைபேசி அழைப்பு. வல்லமையற்றவளுக்கு ஒரு நாட்கூலியின் இழப்பு. ஏடு ஒன்றே, அதனை அடையும் வழியில் வர்க்க வேறுபாடு குறுக்கே நிற்கின்றது.

ஏடுகள் திறந்திருத்தலே சனநாயகத்தின் காவல் என வாதிடுவோர் உளர். அவர்தம் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. கலிபோர்னியச் சட்டமன்றம் 2004 இல் விவாகரத்து வழக்குகளிற் சொத்து விபரம் அடங்கிய பத்திரங்களை, வழக்காளி ஒருவர் கேட்ட மாத்திரத்தே முத்திரையிட்டு மூடவேண்டுமெனச் சட்டஞ் செய்தது. பெருஞ்செல்வர் ஒருவரின் விவாகரத்தான பேர்கிள் வழக்கில், 2006 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளியது. அத்தீர்ப்புச் சரியானதே. செல்வன் விரும்பியவாறு நீதிமன்றத்தின் கதவை அடைக்க இயலுமாயின், நீதிபதியைக் கண்காணிக்க எவருமிரார். ஆனால் நீதிபதியைக் கண்காணித்தல் வேறு. அயல்வீட்டுப் படுக்கையறையை எட்டிப்பார்த்தல் வேறு. திறந்த ஏட்டின் ஆதரவாளர் முன்னதன் பெயராற் பின்னதற்கும் உரிமை கேட்பதே அவர்தம் வாதத்தின் குறை.

அவ்வேறுபாட்டை அந்நாட்டு உயர் நீதிமன்றமே உணர்ந்திருக்கின்றது. குற்றப் பதிவுகள் பற்றிய 1989 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில், கவுண்டிதோறும் சிதறிக் கிடக்கும் ஏடுகளுக்கும் அவற்றைக் கணினியில் ஒருங்கே திரட்டிய தொகுப்புக்கும் பெரும் வேறுபாடு உண்டென அது கூறிற்று. முன்னாளில் தேடுதலின் சிரமமே அந்தரங்கத்தின் வேலியாயிருந்தது. இன்று வணிக நிறுவனங்கள் நீதிமன்றப் பதிவுகளைத் திரட்டி விற்கின்றன. வேலி அவற்றைத் தடுப்பதில்லை. தன் ஏட்டைத் தேடும் தனியாளையே அது தடுக்கின்றது. கலிபோர்னிய நீதிமன்ற விதிகள் குடும்ப வழக்கேடுகளைப் பொதுமக்கள் தொலைவிலிருந்து பார்ப்பதைத் தடுத்து, நீதிமன்றக் கட்டடத்திலேயே பார்க்க விட்டுள்ளன. இது நன்று. வழக்காளி தன் ஏட்டைத் தொலைவிலிருந்து பார்க்கலாம் என 2019 முதல் வேறு விதிகளும் உள்ளன. ஆனால் அவற்றில் ‘இயலுமாயின்’ என்றொரு நிபந்தனை செருகப்பட்டுள்ளது. அந்த ஒரு சொல்லால் உரிமை மீண்டும் கவுண்டியின் வசதிக்குக் கீழ்ப்பட்டுவிட்டது.

நியூயோர்க் எதிர்முனையில் நிற்கின்றது. அங்கே விவாகரத்து ஏட்டை வழக்காளிகளும் அவர்தம் சட்டத்தரணிகளுமன்றி எவரும் நீதிமன்றக் கட்டளையின்றிப் பார்க்கலாகாது. அத்தடை 100 ஆண்டு நீடிக்கும். குடும்பத்தின் மானங் காக்கும் இவ்வேற்பாடு, எந்த நீதிபதி எந்த நியாயத்தாற் பிள்ளையை யாரிடம் ஒப்படைத்தார் என்பதை ஆராய்வோரின் கண்ணையும் கட்டிவிடுகின்றது. எனினும் அதே சட்டத்தில் ஒரு நல்வழி உண்டு. தீர்ப்பின் தன்மையையும் விளைவையும் மட்டும் கூறும் சான்றிதழை எவரும் கவுண்டிப் பதிவாளரிடம் கேட்டுப் பெறலாம். விவாகம் கலைந்தது என்னும் செய்தி ஊருக்கு. அது கலைந்த கதை உரியவருக்கு. இப்பாகுபாட்டைச் செம்மைப்படுத்தி, ஆளடையாளம் நீக்கிய தீர்ப்புக் காரணங்களை ஊருக்கு உரிய பகுதியிற் சேர்ப்பின், திறப்போர் மூடுவோர் இருசாராரின் நியாயமான கோரிக்கையும் நிறைவேறும்.

கவுண்டியின் தன்னாட்சி குலையும் என்பது எஞ்சியுள்ள ஆட்சேபம். ஓரிடத்திற் குவிந்த ஏட்டின் கதி யாதென்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. 1871 இற் சிக்காகோத் தீயில் அக்கவுண்டியின் நீதிமன்ற ஏடுகள் எரிந்தன. 1906 இற் சான்பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கமும் தீயும் அதே அழிவைச் செய்தன. தன்னாட்சியின் பெயரால் ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியை வைத்திருத்தல் பாதுகாப்பன்று. மாநிலம் முழுவதற்குமான அட்டவணை ஒன்று; எந்தக் கவுண்டியின் கருமபீடத்திலும் தன் இறுதிக் கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கட்டணமின்றிப் பெறும் உரிமை ஒன்று; இவ்விரண்டும் எந்த நீதிபதியின் அதிகாரத்தையும் குறைக்கமாட்டா.

இஃது அமெரிக்கரின் வீட்டுப் பிரச்சினை மாத்திரமன்று. அந்நாட்டிற் குடியேறிய இலங்கையர் பலர். அங்கே விவாகம் கலைந்தவர் இங்கே மறுவிவாகஞ் செய்ய வரின், 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் எதிர்நிற்கும். முன்னைய விவாகம் சட்டப்படி கலைக்கப்படாதவிடத்துப் பின்னையது செல்லாது என்பது அதன் விதி. கலைந்ததற்குச் சான்று கடல்கடந்த கவுண்டியொன்றின் அலுமாரியில் உறங்கும். வழக்காடியவருக்கே எளிதிற் கிட்டாத ஏட்டைப் பகிரங்க ஏடென்று அழைத்தல் சொல்லின் பொருளைச் சிதைப்பதாகும். ஒரு வாழ்வின் பதிவு, அவ்வாழ்வை வாழ்ந்தவருக்கே முதலில் உரியது. ஊரின் உரிமை அதன் பின்னரே தொடங்குகின்றது.