அம்புக்குறியும் வழியறிவும்

இலக்கு எங்கே இருக்கிறது என்று அறிவது வேறு; அதனை அடையும் வழியை அறிவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கம், ஜி.பி.எஸ். எனப்படும் புவியிடங்காட்டி எல்லோர் கைக்கும் வந்தபின் பெருகியுள்ளது. அதன் திரையில் ஒரு திசைவட்டமும், செல்ல வேண்டிய இடத்தை நோக்கி நிற்கும் அம்புக்குறியும் தோன்றும். அம்பு காட்டும் பக்கம் திரும்பினால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். நிலத்தில் இவ்வெண்ணம் சிறிது அலைச்சலோடு முடியலாம். கடலிலோ உயிருக்கே கேடாகலாம்.

கருவியின் இயல்பை முதலில் உணர வேண்டும். ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்களுள் நான்கிலிருந்தேனும் குறிப்பலைகளைப் பெற்று, புவியிடங்காட்டி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. காந்த ஊசி புவியின் காந்தப்புலத்தால் வடக்கைக் காட்டுவது. எளிய புவியிடங்காட்டியோ படகின் நகர்வைக் கொண்டே திசையைக் கூறுகிறது. படகு அசையாது நின்றால், அதன் முன்பகுதியாகிய அணியம் எப்பக்கம் நோக்கியுள்ளது என அதனால் உறுதியாகக் கூற இயலாது. ஆகவே திரையில் காண வேண்டியவை இரண்டு: ஒன்று, இலக்கு இருக்கும் திசை, மற்றொன்று, படகு உண்மையில் நகரும் திசை. அம்பை மட்டும் பார்ப்பவர் முதலாவதை அறிகிறார், இரண்டாவதை மறந்துவிடுகிறார்.

இம்மறதியின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இலக்கு நேர்கிழக்கில் இருக்கிறது எனக் கொள்வோம். அணியத்தைக் கிழக்கு நோக்கியே வைத்து ஒரு படகு செல்கிறது. மணிக்கு 2 கடல் மைல் வேகமுள்ள நீரோட்டம் குறுக்கே பாய்ந்தால், 3 மணி நேரத்தில் அது 6 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 11 கி.மீ. விலகிவிடும். அம்புக்குறியை விடாது துரத்தும் படகு இலக்கை அடைந்துவிடும். ஆனால் நேர்கோட்டில் அன்று, வில்போல் வளைந்த வழியில். அந்த வளைவில் நீரில் மறைந்த பார் இருக்கலாம். நாட்டின் எல்லையும் இருக்கலாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974, 1976 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட கடல் எல்லை அலைமேல் எழுதப்பட்டதன்று. அறியாமல் அதனைக் கடக்கும் மீனவர் சிறைப்பட நேரும். தேர்ந்த மாலுமி அணியத்தை நீரோட்டத்திற்கு எதிராகச் சற்றே திருப்பி, திரையின் இரண்டு திசைகளும் ஒத்துவருமாறு படகைச் செலுத்துவார். அம்பைப் பின்பற்றுவதற்கும் அம்பைப் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அவ்வாறு படிக்கும் அறிவு நம் கடற்கரைக்குப் புதிதன்று. வலை இழுபடும் பக்கத்தைக் கொண்டு நீரோட்டத்தை உணர்ந்தவர்கள் மீனவர்கள். காற்று வரும் திசைகளுக்கு வாடை, கொண்டல், தென்றல், கோடை எனத் தனித்தனிப் பெயர்கள் தமிழில் உண்டு. கரையிலுள்ள கோபுரத்தையும் அதன் பின்னுள்ள மலையையும் ஒரே நேர்கோட்டில் வரச்செய்து, கடலுக்குள் தம் இருப்பிடத்தை அறியும் முறையும் உண்டு. இராமேசுவரத்தில் நின்று காண்போர்க்குத் துருவ விண்மீன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 9 பாகை உயரத்தில் தோன்றும். மின்கலம் தீர்ந்த இரவிலும் இவ்வறிவு அணைவதில்லை.

கருவி இருக்கையில் பழைய அறிவு எதற்கு எனச் சிலர் வினவுவர். பனிமூட்டத்திலும் காரிருளிலும் துறைமுகத்திற்குத் திரும்ப உதவுவது புவியிடங்காட்டி. இடர் நேர்ந்தால் தம் இருப்பிடத்தைத் துல்லியமாக அறிவிக்கவும் உதவுகிறது. அதனைக் கைவிடச் சொல்வது அறிவுடைமை ஆகாது. ஆனால் கருவியின் மிகுதி மட்டுமே காவலாகாது என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு.

1983 செப்டம்பர் 1 அன்று, அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சியோல் நோக்கிச் சென்ற தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று சோவியத் வான்வெளியில் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். வழியறியும் நுட்பமான கருவிகள் அதில் இருந்தன. எனினும், அவ்விமானம் நிலையான ஒரே காந்தத்திசையில் பல மணி நேரம் பறந்ததையும், வழி விலகியதை விமானிகள் உணராததையும் பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பின் 1993 ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துரைத்தது. திசை மாறவில்லை, வழி மாறிவிட்டது. இத்துயரை அடுத்தே, அப்போது உருவாகிவந்த புவியிடங்காட்டி அமைப்பைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் வழங்கப்போவதாக அமெரிக்க அரசு அறிவித்தது. இன்று கையில் ஒளிரும் அம்புக்குறிக்குப் பின்னால் இவ்விழப்பும் நிற்கிறது.

எனவே, கடலுக்குச் செல்லும் இளைஞர்க்குக் கருவியை வழங்குவதோடு கடமை முடிந்துவிடாது. காந்த ஊசியையும் கடல் வரைபடத்தையும் உடன்வைத்து ஒப்பிடும் பழக்கம், நீரோட்டத்தைக் கணிக்கும் பயிற்சி, மூத்த மீனவரின் பட்டறிவு ஆகியவையும் அவர்களுக்கு முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும். இவ்வறிவு ஏட்டில் குறைவாகவும் மனிதரிடம் மிகுதியாகவும் இருப்பது; கற்போர் இல்லையெனில் ஒரு தலைமுறையிலேயே மறைந்துவிடும். கருவி இலக்கைச் சுட்டட்டும். இடையிலுள்ள கடலை அறிய வேண்டியவர் படகைச் செலுத்துபவரே.