கிரேஸின் நாற்காலி

பெங்களூரின் கல்லூரி ஒன்றில் முதுகலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கென நடந்த கருத்தரங்கில், இருபத்திரண்டு வயதுத் தமிழ் மாணவி ஒருவர் ஷரன் பாலாவின் ‘தி போட் பீப்பிள்’ நாவலைப் பற்றி ஆறு பக்க வாசிப்புக் குறிப்பொன்றைப் படித்தார். படித்து முடித்ததும் அமர்வுத் தலைவர் சொன்னது ஒரே வாக்கியம்: கட்டுரையாளர் பிரதியை விட்டு வெளியே போய்விட்டார். அவையிலிருந்த தமிழ் ஆய்வாளர்கள் சிலர் அதற்கும் மேலே சென்றனர். ஈழத்தமிழர் துயரைக் குப்பை தரம்பிரிப்போரின் பிரச்சினையோடு சமப்படுத்திக் கொச்சைப்படுத்திவிட்டார் என்று சினந்தனர். அந்தச் சினம் ஆராயத்தக்கது. ஏனெனில் அக்குறிப்பு பிரதிக்குள்ளேயேதான் நின்றது. பிரதிக்குள் கிடக்கும் ஒரு நாற்காலியை, தமிழ் வாசகர் எவரும் அமர விரும்பாத நாற்காலியை, அது சுட்டிக்காட்டியது, அவ்வளவே.

2018இல் வெளிவந்த இந்நாவலின் பின்புலம் பலரும் அறிந்ததே. 2010 ஆகஸ்டில் 492 இலங்கைத் தமிழரை ஏற்றிக்கொண்டு ‘சன் சீ’ என்னும் துருப்பிடித்த சரக்குக் கப்பல் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. அவர்களுள் 49 பேர் குழந்தைகள். அந்நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஆள்கடத்தல் என்றும் பயங்கரவாதம் என்றும் பேசினார். பயணிகள் மாதக்கணக்கில் காவலில் வைக்கப்பட்டனர். நாவலில் மஹிந்தனும் அவனுடைய ஆறு வயது மகன் செல்லியனும் அப்படியொரு கப்பலில் வந்திறங்குகின்றனர். தந்தை சிறையில், மகன் பெண்களோடு வேறிடத்தில், பிறகு ஒரு கனடியக் குடும்பத்தின் வளர்ப்பில். மஹிந்தன் புலிகளின் வாகனங்களைப் பழுதுபார்த்தவன். அது விருப்பமா வற்புறுத்தலா என்பதைத்தான் விசாரணை தோண்டுகிறது. அவனுக்காக வாதாட நியமிக்கப்படும் குழுவில் பிரியா என்னும் கனடியத் தமிழ்ப் பெண் இருக்கிறாள். அவனது விதியைத் தீர்மானிக்க அமர்பவள் கிரேஸ் நகமுரா.

தமிழ்க் கல்விப்புலத்தில் இத்தகைய நாவல் எவ்வாறு வாசிக்கப்படும் என்பதை வாசிக்காமலே சொல்லிவிடலாம். மஹிந்தன் என்பவன் ‘நாம்’. செல்லியன் நம் பிள்ளை. தஞ்சம் மறுக்கும் வெள்ளை அரசு ‘அவர்கள்’. இடையே ‘அடையாளச் சிக்கல்’, ‘கலப்பினத்தன்மை’, ‘இடப்பெயர்வின் வலி’ என்னும் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். கட்டுரை முடியும்போது கட்டுரையாளரின் கண்கள் ஈரமாகியிருக்கும். அவருடைய அன்றாடத்தில் ஒரு துரும்பும் அசைந்திராது. பெங்களூரின் ஆங்கிலத் துறைகளில் அகதி இலக்கியம் இன்று நல்ல விளைச்சல் தரும் நிலம். கடல் எவ்வளவு தொலைவோ அவ்வளவுக்கு விளைச்சல் கூடும்.

மாணவியின் குறிப்பு இந்த வரிசையை ஏற்கவில்லை. நாவலாசிரியர் கிரேஸை வெள்ளைக்காரியாகப் படைக்கவில்லையே என்று அது கேட்டது. கிரேஸ் ஜப்பானிய வம்சாவளிக் கனடியர். 1942இல் ஏறத்தாழ 22,000 ஜப்பானிய வம்சாவளியினரைக் கனடிய அரசு மேற்குக் கரையிலிருந்து பெயர்த்துத் தடுப்பிடங்களுக்கு அனுப்பியது. வீடுகளையும் மீன்பிடிப் படகுகளையும் பறித்து விற்றது. அவர்களுள் பெரும்பாலோர் குடிமக்கள். அரசு மன்னிப்புக் கேட்க 1988 வரை ஆனது. நாவலில் கிரேஸின் தாய் கூமி அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவள். மறதிநோயின் பிடியில் பழைய நினைவுகள் அவளிடமிருந்து கசிந்து வருகின்றன. பேத்திகள் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். கிரேஸுக்கு அது எரிச்சலூட்டுகிறது. நேற்று தன் குடும்பத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட அதே சொற்களை, எதிரியின் ஆட்கள், நம்பத்தகாதவர், நாட்டுக்கு ஆபத்து என்பவற்றை, இன்று அவள் மஹிந்தனைக் குறித்துத் தன் கோப்பில் எழுதுகிறாள். அவளை நியமிக்கும் அமைச்சரின் பெயர் ஃபிரெட் பிளேர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் யூத அகதிகளுக்குக் கனடாவின் கதவை அடைத்த குடிவரவு அதிகாரியின் பெயரும் ஃபிரெடரிக் பிளேர்தான். பாலா எதையும் தற்செயலாக வைக்கவில்லை.

இங்கிருந்துதான் மாணவியின் குறிப்பு பெங்களூருக்கு வந்தது. பெங்களூர்த் தமிழர் இந்நாவலில் மஹிந்தனின் இடத்தில் இல்லை, கிரேஸின் நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதே அதன் ஒரே வாதம். அதற்குச் சான்றாக அவர் தம் குடும்பத்தையே முன்வைத்தார்.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 டிசம்பர் 11இல் அரசிதழில் வெளியானதை அடுத்து இந்நகரில் தமிழர் மீது நடந்த வன்முறை இன்றைய மாணவர்களுக்கு ஒரு அடிக்குறிப்பு. அல்சூரில் சிறு கடை வைத்திருந்த அம்மாணவியின் தாத்தா அந்த இரவில் பெயர்ப்பலகையைக் கழற்றி அடுப்பிலிட்டார். அப்போது பதினாறு வயதான அவருடைய மகனுக்கு வீட்டில் விதிக்கப்பட்ட கட்டளை ஒன்றுண்டு: தெருவில் வாயைத் திறக்காதே, திறந்தால் கன்னடத்தில் பேசு. அண்டை வீட்டார் பலர் ஓசூர் வழியாக வெளியேறினர். சிலர் திரும்பவே இல்லை. அல்சூர் ஏரிக்கரையில் அவ்வாண்டு திறக்கப்படவிருந்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் கோணியால் மூடப்பட்டுக் கிடந்து 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சத்தைக் கண்டது. பள்ளி விட்டு வரும் வழியில் அந்தக் கோணிப்பொதியைப் பார்த்தபடியே அவருடைய தந்தை வளர்ந்தார்.

அந்தத் தந்தை இன்று பெல்லந்தூர் பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். வீட்டுவேலைக்கு வரும் பெண்களின் ஆவணங்களைக் காவல் நிலையத்தில் சரிபார்க்க வேண்டும் என்னும் தீர்மானத்தை முன்மொழிந்தவர். மதிலுக்கு அப்பால் நீலத் தார்ப்பாய்க் குடிசைகளில் வாழ்வோரை அப்புறப்படுத்தக் கோரும் மனுவில் முதற்கையொப்பம் அவருடையது. வங்காளமொழி கேட்டால் அவர் சொல்லும் சொல் ஒன்றுதான்: பங்களாதேசி. குறிப்பின் இந்தப் பகுதிதான் ‘பிரதிக்கு வெளியே’ போனதாகச் சொல்லப்பட்டது.

அது எவ்வளவு தூரம் உள்ளே இருந்தது என்பதை 2020 ஜனவரியை நினைவில் வைத்திருப்போர் அறிவர். பெல்லந்தூரை அடுத்த கரியம்மன அக்ரஹாரத்தில் குடிசைகள் ‘சட்டவிரோதப் பங்களாதேசியருடையவை’ என்று தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் சமூக ஊடகத்தில் ஒரு காணொளியைப் பகிர்ந்தார். சில நாட்களுக்குள் காவல்துறையின் துணையோடு நூற்றுக்கும் மேற்பட்ட குடிசைகள் இடிக்கப்பட்டன. தெருவில் நின்றவர்கள் பைகளிலிருந்து ஆதார் அட்டைகளையும் வாக்காளர் அட்டைகளையும் எடுத்துக் காட்டினார்கள். அசாமியர் இருந்தனர், திரிபுராவினர் இருந்தனர், வட கர்நாடகத்திலிருந்து பிழைக்க வந்த கன்னடரும் இருந்தனர். பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையைச் சட்டவிரோதம் என்று கூறி, பாதிக்கப்பட்டோருக்கு மறுவாழ்வளிக்க அரசுக்கு அறிவுறுத்தியது. அன்று ‘சட்டவிரோதம்’ என்னும் சொல் யாருக்கு உரியதாயிற்று என்பதைப் பற்றி இந்நகரின் அகதி இலக்கியக் கருத்தரங்கு எதிலாவது ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டிருந்தால், அம்மாணவிக்கு இக்குறிப்பை எழுதும் தேவையே எழுந்திராது.

அவையில் எழுந்த மறுப்புகளுள் வலுவானது ஒன்றுண்டு; அதை மறைப்பது நேர்மையன்று. ஈழத்தமிழர் போரிலிருந்து தப்பியவர்கள், கூலி தேடி எல்லை கடந்தவர்களை அவர்களோடு ஒப்பிடலாகாது என்பதே அது. வேறுபாடு உண்மை. தஞ்சம் கோரிக் கதவைத் தட்டுவதும் மறைந்து வாழ்வதும் ஒன்றல்ல என்பதை மாணவியும் தம் குறிப்பில் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ‘சன் சீ’ பயணிகள் மீது சுமத்தப்பட்ட முதற்குற்றச்சாட்டும் இதுவே: போர் 2009இல் முடிந்துவிட்டது, இவர்கள் வசதி தேடி வந்தவர்கள். உண்மையான அகதி யார், கூலியாள் யார் என்பதைக் கேட்டறிந்துதான் பிரிக்க முடியும். கனடியச் சட்டப்படி காவலில் வைக்கப்பட்ட அயலாரின் வழக்கு 48 மணிநேரத்திலும், அடுத்த 7 நாட்களிலும், பிறகு 30 நாட்களுக்கு ஒருமுறையும் மறுஆய்வுக்கு வர வேண்டும். நாவல் முழுவதும் அந்த மறுஆய்வுகளின் சலிப்பூட்டும் தாளத்திலேயே நகர்கிறது. கிரேஸ் கொடியவளாக இருக்கலாம்; ஆனால் அவள் எதிரே மஹிந்தன் அமர்கிறான், அவனுக்கென ஒரு வழக்கறிஞர் பேசுகிறார். பெங்களூரில் பிடிக்கப்பட்டு, 2019 நவம்பரில் தொடர்வண்டியில் ஏற்றிக் கொல்கத்தா நோக்கி அனுப்பப்பட்ட 59 பேருக்கு, அவர்களுள் குழந்தைகளும் உண்டு, எதிரே ஒரு நாற்காலியே போடப்படவில்லை. ஒரு நாடு தன் எல்லையைக் காப்பது குறித்து எவரும் எந்தக் கருத்தும் கொள்ளலாம். கேட்காமலே தீர்ப்பளிப்பதைக் கருத்து என்று சொல்ல முடியாது.

தாம் அயலார் அல்லர் என்பதை மெய்ப்பிக்கும் சுமையை இந்தியச் சட்டம் குற்றம் சாட்டப்பட்டவர் மீதே வைக்கிறது. 1946இன் அயல்நாட்டினர் சட்டம் செய்த அதே ஏற்பாட்டை 2025இன் புதிய சட்டமும் வைத்துக்கொண்டது. இந்தச் சுமையின் எடையைத் தமிழருக்கு யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரிடம் கேட்டதும் ஆவணமே. தந்தை எங்கே பிறந்தார் என்பதைக் காகிதத்தில் காட்ட இயலாமல் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றோராயினர். 1983க்குப் பின் கடல் கடந்து வந்து தமிழ்நாட்டின் முகாம்களில் வாழும் ஈழத்தமிழரும் இந்திய நாட்டின் ஏடுகளில் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்னும் பிரிவிலேயே நிற்கின்றனர். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பலகை மாறியது, பிரிவு மாறவில்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவர் தாம் பிறப்பால் இந்தியர் என்பதை நிலைநாட்ட 2022இல் உயர் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. 1987 ஜூலைக்கு முன் பிறந்ததால் அவர் தப்பினார். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த குழந்தைக்கு அந்த வழியும் அடைக்கப்பட்டுவிட்டது. பெற்றோருள் ஒருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆனாலே போதும், இந்த மண்ணில் பிறந்திருந்தும் அது குடிமகவாகாது. பெங்களூரில் பிறக்கும் ஒரு செல்லியனுக்கும் மண்டபத்தில் பிறக்கும் ஒரு செல்லியனுக்கும் எதிராக நிற்பது ஒரே சட்டப்பிரிவுதான். எனவே ‘எங்கள் அகதி வேறு, அந்தக் கூலியாள் வேறு’ என்று வாதிடும் தமிழ் ஆய்வாளர், தாம் காக்க விரும்பும் அகதியின் காலடியில் இருக்கும் பலகையையே உருவுகிறார்.

இந்நகரிலிருந்து சற்றுத் தொலைவில், நெலமங்கலா வட்டத்துச் சொண்டெகொப்பாவில், சமூகநலத் துறையின் மாணவர் விடுதியாக இருந்த கட்டடம் அயலாரைத் தடுத்து வைக்கும் மையமாக மாற்றப்பட்டிருக்கிறது. படிக்க வந்த ஏழைப் பிள்ளைகள் உறங்கிய இடம் அது. தடுப்பு முகாம் பற்றிய புனைவுகளுக்காக வான்கூவரையும் கிறிஸ்துமஸ் தீவையும் ஆராயும் துறைகளிலிருந்து அங்கு செல்ல ஒரு மணிநேரம் போதும்.

நாவலைப் பற்றியும் மாணவிக்குக் குறைகள் இருந்தன; அவை பேசப்படவேயில்லை. அமைச்சர் பிளேர் அட்டையில் வெட்டிய உருவம் என்றார், அது சரி. தொடக்கத்தில் இவ்வழக்கை வேண்டாவெறுப்பாக ஏற்கும் பிரியா மெல்ல மெல்லத் தன் தமிழ்மையைக் கண்டடைவது வாசகருக்கு மிக வசதியான பாதை என்றார்; அதுவும் ஏறக்குறையச் சரியே. பிரியாவின் மனமாற்றத்தைத் தன் மனமாற்றமாக எண்ணிக்கொண்டு நூலை மூடிவிடலாமல்லவா? கிரேஸிடம் அந்த வசதி இல்லை. அவள் எவ்வாறு தீர்ப்பளித்தாள் என்பதைச் சொல்லாமலே பாலா நாவலை நிறுத்திவிடுகிறார். பல விமரிசகர்கள் இதை முடிவின்மையின் அழகியல் என்று எழுதக்கூடும். மாணவியோ அந்த வெற்றிடத்தில் தம் தந்தையின் பெயரை எழுதினார். இலக்கிய வாசிப்பு என்பதற்கு இதைவிடக் கடுமையான, இதைவிடச் செலவு பிடிக்கும் எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. தந்தையைக் கொடியவராக அவர் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகை எரிந்த இரவைக் கண்ட ஒருவர், இனி எந்தப் பட்டியலிலும் தம் குடும்பம் இடம்பெறக்கூடாது என்னும் அச்சத்தில் பட்டியல் எழுதுவோர் பக்கம் நகர்ந்து நிற்கிறார். அந்த அச்சத்தை அவர் பரிவோடுதான் எழுதியிருந்தார். பரிவுக்காக உண்மையை மட்டும் குறைக்கவில்லை.

நாவலில் கிரேஸ் தன் தாயிடம் கேட்கத் தவறிய கேள்வியை மாணவி தம் தந்தையிடம் கேட்டதாகவும் அக்குறிப்பில் ஓரிடம் உண்டு. அந்த டிசம்பர் இரவில் தெருமுனையில் நின்றவர்கள் உங்களிடம் என்ன கேட்டார்கள் அப்பா என்றார். நெடுநேரம் கழித்து வந்த விடை: ‘ஒண்ணும் கேக்கல. பேசச் சொன்னாங்க.’

கருத்தரங்கக் கட்டுரைகளின் தொகுப்பு நூலாக வெளிவரவிருக்கிறது. தன்வாழ்வுப் பகுதிகளை நீக்கித் திருத்தி அளித்தால் குறிப்பைச் சேர்த்துக்கொள்வதாகப் பதிப்பாசிரியர் குழு மாணவிக்கு எழுதியது. அவர் அதை மாற்றாமல் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார்.