குடித்தனக் குறிப்புகள்: மின்சாரக் காருக்கு வீட்டில் மின்னேற்றம்

தலைநகரிலுள்ள நம் சங்கத்து அன்பர்கள் சிலர் மின்சாரக் கார் வாங்கத் தலைப்பட்டிருக்கின்றனர். மகிழத்தக்க செய்தியே. ஆயின் மூன்றாம் மாடியில் குடியிருப்போர், சன்னல் வழியே நீண்ட கம்பியைத் தொங்கவிட்டுக் கீழே நிற்கும் வண்டிக்கு மின்னேற்றம் செய்ய எண்ணுவதாகக் கேள்வியுறுகிறோம். அது தகாது. ஏன் என்பதைச் சற்று விரித்துரைத்தல் அவசியமாகிறது.

கெய்சர் 2 கிலோவாட் மின்சாரம் இழுப்பினும், நீர் காய்ந்ததும் தானே நின்றுவிடும். காருடன் வரும் சிறிய சார்ஜரோ ஏறக்குறைய 3.3 கிலோவாட் வீதம் மணிக்கணக்கில் ஓயாது இழுக்கும். 30 யூனிட் கொள்ளும் மின்கலம் வெறுமையினின்று நிறைய 9 அல்லது 10 மணி நேரமாகும். அத்துணை நேரமும் கம்பி மெலிந்த இடத்திலும், பிளக் தளர்ந்த இடத்திலும் வெப்பம் சேர்ந்துகொண்டேயிருக்கும். முதலில் பிளக்கின் வாய் கருகும்; பின்னர் பிளாஸ்டிக் நாற்றம் எழும்; அதன் பின்னர் நேர்வதைக் கூறவும் வேண்டுமோ? வீட்டார் உறங்கும் வேளையிலன்றோ இஃது நிகழ்கிறது! எக்ஸ்டென்ஷன் பெட்டியும், சுருட்டி வைத்த கம்பியும் இவ்வேலைக்கு ஒருபோதும் உதவா.

மீட்டரிலிருந்து வண்டி நிற்குமிடத்திற்குத் தனிக் கம்பி இழுத்தலே முறை. 16 ஆம்பியர் பிளக்காயின் 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும், சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜராயின் 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியும் வேண்டும். தொலைவு மிகுந்தால் இன்னும் தடித்தது தேவைப்படும். தனி எம்.சி.பி.யும், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இன்றியமையாதவை.

எர்த் குறித்துத் தனியே ஒரு சொல். பழைய கட்டிடங்கள் பலவற்றில் பிளக்கின் மூன்றாவது துளை இருக்கும். அதன் பின்னே கம்பி இராது. எர்த் இல்லையெனில் சார்ஜர்கள் பல சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அது சார்ஜரின் பழுதன்று, அதன் நற்குணம். நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்கிலேயே இணைத்து அதனை ஏமாற்றித் தருவதாகக் கூறும் எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுக. நியூட்ரல் என்றேனும் அறுந்துபோனால் காரின் உடல் முழுவதும் மின்சாரம் பாயும். தொடுவது குழந்தையாகவும் இருக்கலாம்.

இனிக் காகித வேலை. மின்கட்டணச் சீட்டில் அனுமதிக்கப்பட்ட மின்சுமை இத்தனை கிலோவாட் என்று அச்சிட்டிருக்கும். அது 3 என்றிருக்கும் வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜரை மாட்டுதல் ஒழுங்கன்று. சுமையை உயர்த்துமாறு விண்ணப்பிக்க வேண்டும். அன்றித் தனி இணைப்பும் பெறலாம். வீட்டிலுள்ள இணைப்பைக் கொண்டே மின்னேற்றம் செய்யலாம் என்று 2022 ஜனவரியில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல் கூறிற்று. தனி இணைப்புப் பெறும் உரிமையை 2024 பிப்ரவரியில் வந்த நுகர்வோர் உரிமை விதித்திருத்தம் வழங்கிற்று.

தனி இணைப்பே மேல் என்பது எம் அபிப்பிராயம். மாதம் 1000 கிலோமீட்டர் ஓடும் சிறிய கார் ஏறத்தாழ 140 யூனிட் கொள்ளும். தில்லியில் 2019-இல் வந்த 200 யூனிட் சலுகையைப் பெற்றுவரும் குடும்பம், இதனை வீட்டு மீட்டரில் ஏற்றினால் சலுகையின் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். மேலும், குடியிருப்புக் கமிட்டியாருக்கு உள்ள அச்சங்கள் இரண்டு: ஒன்று தீ, மற்றொன்று பொது விளக்கின் மின்சாரத்தை எவரேனும் இழுத்துவிடுவாரோ என்பது. கார் நிறுத்துமிடத்திலேயே தனி மீட்டர் இருப்பின் இரண்டாவது அச்சம் அறவே நீங்கும். கம்பியின் தொலைவு குறைவதால் முதலாவதும் தணியும்.

வாடகைக்கு இருப்போர் தயங்க வேண்டுவதில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரோடு குடியிருப்பவரையும் சேர்த்தே மின் இணைப்புக் கேட்கத் தக்கவராகக் குறிப்பிடுகிறது. எனினும் பிறர் சுவரில் துளையிடுவதற்கு முன் வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் பெறுதல் மரியாதையும் ஆகும், பாதுகாப்பும் ஆகும். அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தர்கள் பெரிய சார்ஜருக்குச் செலவிட வேண்டா. நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓட 6 யூனிட் போதும்; சிறிய சார்ஜரே இரண்டு மணி நேரத்தில் அதனை ஏற்றிவிடும். வீடு மாறும்போது சார்ஜரைக் கையோடு எடுத்துச் செல்லலாம். சுவரில் பதித்த கம்பிதான் வீட்டுக்காரருக்கு நாம் விட்டுச்செல்லும் சீதனம்.

பெருநகரங்களில் விண்ணப்பம் முழுமையாகச் சேர்ந்த 3 நாட்களில் புதிய இணைப்பு அளிக்க வேண்டுமென 2024 விதிகள் வரையறுத்துள்ளன. குடியிருப்புக் கமிட்டியின் கடிதத்திற்கு அத்தகைய கெடு யாதும் இல்லை. ஆதலின் காருக்கு முன்பணம் கட்டுமுன்னரே செயலாளரைக் காண்க.