பெட்டியடிக்கு ஓர் ஆள் வேண்டும்

செட்டிநாட்டு ஆச்சிமார்களுக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம்.

நான் கண்டனூர்க்காரன். உங்களில் ஒருவர் வீட்டில் கணக்கு எழுதியவரின் மகன். இப்போது இங்கிலாந்தில் ஒரு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வேலை. முதுகலை மாணவர்கள் வருஷா வருஷம் எங்களிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். யார்க், ராயல் ஹாலோவே போன்ற பல்கலைக்கழகங்களில் 'பொது வரலாறு' என்றே ஓர் எம்.ஏ. இருக்கிறது. வரலாற்றை வகுப்பறைக்கு வெளியே, அருங்காட்சியகத்திலும் பழைய மாளிகையிலும் ஊர் ஜனங்களுக்கு நடுவிலும் எப்படிக் கையாளுவது என்பதுதான் படிப்பு. அப்படி வருகிறவர்களுக்கு வேலை பழக்குவது என் பொறுப்பு. அதை வைத்துத்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டுப் பெட்டகங்களைத் திறந்துவிடுங்கள். சுற்றிப் பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டு போவதற்கு அல்ல, உட்கார்ந்து வேலை செய்வதற்கு. சம்பளத்தோடு.

சம்பளம் என்றதும் யோசிக்காதீர்கள். ஆளைப் பழக்கி எடுக்கும் வித்தையை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் கொண்டுவிற்கப் போன உங்கள் பாட்டன்மாரில் பலர் பெட்டியடிப் பையனாகத்தான் தொடங்கினார்கள். மீசை முளைக்காத வயதில் கப்பலேறி, கடை கூட்டி, கடிதம் நகலெடுத்து, வட்டி போடப் பழகி, அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள். மூன்று வருஷக் கணக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்கு வந்துவிடும். அந்த ஏற்பாட்டில் கெடுபிடி இருந்தது, ஆனால் ஓசி வேலை இல்லை.

இந்த ஒரு விஷயத்தில் இங்கிலாந்தைப் பார்த்து நடக்காதீர்கள். படிப்பின் கட்டாயப் பகுதியாக வரும் பயிற்சி ஓராண்டுக்கு மேற்படாவிட்டால், குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அதற்கு இங்கே பொருந்தாது. அதனால் அப்பா அம்மா வாடகை கட்டக்கூடிய பிள்ளைகளே நல்ல இடங்களைப் பிடிக்கிறார்கள். பேருந்துக்குக் காசில்லாத பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் பின்தங்கிவிடுகிறது. புதுவயலிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்கிறேன்.

சரி, அவர்கள் வந்து என்னதான் செய்வார்கள்? ஒரு பேரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே 'பிரமோதூத வருஷம்'. நம் வருஷப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. அதனால் அது 1870-71ஆகவும் இருக்கலாம், 1930-31ஆகவும் இருக்கலாம். பக்கங்களுக்கு நடுவே ஒரு தபால் உறை கிடக்கிறது. தபால்தலையில் ஐந்தாம் ஜார்ஜ் இருந்தால், உறை நிச்சயமாக 1870ஐச் சேர்ந்ததல்ல. அவர் படத்தின் மேல் 'பர்மா' என்று அச்சு ஏறியிருந்தால் 1937 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் இந்தியாவிலிருந்து பர்மாவைப் பிரித்தது அப்போதுதான். அப்படியானால், கணக்கு 1930-31 என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குள் அந்த உறை எப்படி வந்தது? பிற்பாடு யாரோ அந்தக் கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார். யார், எந்தப் பாக்கிக்காக? இந்த இடத்தில்தான் ஒரு மாணவி வரலாற்றுக்காரி ஆகிறாள். எந்தப் பாடப்புத்தகமும் அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தாது.

அவளால் தனியாக இதைச் செய்யவும் முடியாது. க, உ, ங என்று எழுதிய தமிழ் எண்ணும், வீசமும் மாகாணியும் இன்றைய எம்.ஏ. மாணவர்களுக்குத் தெரியாது. நடப்பு வட்டிக்கும் தவணை வட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் விழிப்பார்கள். தெரிந்தவர்கள் உங்கள் பட்டாலையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், தள்ளாத வயதில். அவர்களையும் இந்தப் பிள்ளைகளையும் ஒரே மேஜையில் உட்கார வையுங்கள். நான் அவசரப்படுத்துவது அந்தப் பெரியவர்களின் வயதை நினைத்துத்தான், தாளை அரிக்கும் செல்லுக்காக மட்டும் அல்ல.

1930களில் நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல், 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார் கடைகள் கைக்கு வந்தது. இது சர்க்கார் அறிக்கைகளை வைத்து எழுதப்பட்ட கதை. கடைக்குள்ளிருந்து பார்த்த கதை உங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. நிலம் இழந்த பர்மிய விவசாயிகளின் பெயர்களும் அதே ஏடுகளில் இருக்கும். சங்கடம்தான், ஆனால் பெருமையான பக்கங்களை மட்டும் பொறுக்கிக் கொடுத்தால் அது விழா மலராகிவிடும். உங்கள் வீடுகளில் விழா மலருக்குப் பஞ்சமில்லை.

வெளியே கொடுத்தால் பங்காளி வழக்கில் போய் நிற்குமோ என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. 'இந்தக் கட்டை இத்தனை வருஷத்துக்கு யாரும் திறக்கக் கூடாது' என்று எழுதி வாங்கிக்கொள்வது எங்கள் காப்பகத்தில் அன்றாட வேலை. மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு பிரதி மட்டும் எடுக்கலாம். பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய, அழியும் ஆவணங்களுக்கான திட்டத்திலும் மூலங்கள் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பதுதான் விதி.

விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா, புத்தகத்தோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் வரைக்கும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். அதிலிருந்துதான் சென்னையில் அவர் பெயரில் நூலகம் எழுந்தது. நல்லது நடந்தது, ஆனால் நம்மூர் ஆட்கள் யாரும் முந்திக்கொள்ளவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. வீட்டுக்கு மதிப்பு ஏறுகிறது. தேக்குத் தூணுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை கிடைக்கும். பேரேடு எடைக்குத்தான் போகிறது.

பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகளை வீணடிப்பதும் நடக்கும். இங்கே ஓர் அருங்காட்சியகம், நன்றாகப் படித்த ஒரு பெண்ணை வந்த நாள் முதல் போகிற நாள் வரை நினைவுப்பொருள் கடையிலேயே நிறுத்தி வைத்தது. அதனால்தான் நாங்கள் முதலிலேயே மாணவர், கல்லூரி, காப்பகம் மூவரும் கையெழுத்திட்டு, முடிக்க வேண்டிய வேலை எது என்று எழுதிக்கொள்கிறோம். ஒரு பெட்டிக்கு அட்டவணையாக இருக்கலாம், சின்னக் கண்காட்சியாக இருக்கலாம், பத்துப் பேரிடம் பதிவுசெய்த நினைவுகளாக இருக்கலாம். முடிந்ததில் மாணவரின் பெயர் இருக்க வேண்டும்.

நினைவுகள் என்றால் முதலாளி வீட்டு நினைவுகள் மட்டும் அல்ல. என் பாட்டி உங்கள் வீடொன்றில் சமைத்தவர். அந்த வீட்டுச் செலவுக் கணக்கில் அவருக்குப் பெயர் இல்லை, 'சமையல் ஆள்' என்று மட்டும் இருக்கும். சுவருக்கு முட்டை வெள்ளைப் பூச்சு இழைத்த கொத்தனார் வீட்டுப் பேரன்மார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களையும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசி செமஸ்டர் டிசம்பரில் தொடங்குகிறது. நகரச்சங்கம் கூடும்போது பேசி, முதலில் ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பிள்ளைகள் போதும். ஒரு மேஜை, மின்விசிறி, பெட்டகச் சாவி யாரிடம் என்று தெரிந்த ஒரு பெரியவர், மாதச் சம்பளம், மத்தியானச் சாப்பாடு. ஒப்பந்த மாதிரியைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. முதல் இரண்டு பிள்ளைகளின் சம்பளத்தில் பாதியும் என்னுடையது. மீதிப் பாதியை யார் ஏற்கிறீர்கள் என்று தீபாவளிக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
கண்டனூர் கணக்கப்பிள்ளை மகன்