தாலிக்கு முன் ஒரு கையெழுத்து: அலோர் காஜா மக்களுக்குத் திறந்த மடல்

அலோர் காஜா, புலாவ் செபாங், காடேக், டுரியான் துங்கால் வட்டாரத்து உறவுகளே,

ஊருக்கு வரும்போதெல்லாம் மெல்பர்னில் எனக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்கள். முதலில் சமூகப்பணி படித்தேன், பிறகு சட்டம். இப்போது இரண்டையும் பல்கலைக்கழகத்தில் சொல்லித் தருகிறேன். "ஒன்றிலே நிலைத்து நிற்கக் கூடாதாம்மா?" என்று பெரியம்மா கேட்டார். எனக்கு மூன்றும் ஒரே வேலைதான். ஏன் என்பதற்கு நம் தோட்டங்களிலேயே பதில் இருக்கிறது.

லயத்தில் மருத்துவச்சி கையில் ஒரு பெண் பிறக்கிறாள். பிறப்பை யாரும் பதியவில்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை. வளர்ந்ததும் குடிமக்களுக்கான நீல அட்டை வைத்திருக்கும் நம் பையன் ஒருவன் கோயிலில் அவளுக்குத் தாலி கட்டுகிறான். ஊரே வந்து வாழ்த்துகிறது, ஆனால் யாரும் அதைப் பதியவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, பதியாத அந்தக் கல்யாணத்தைப் பதிவு இலாகா கல்யாணமாக ஏற்பதில்லை. ஆகவே பிள்ளை பிறந்ததும் தகப்பனை விட்டுவிட்டுத் தாயின் குடியுரிமையைப் பார்க்கிறார்கள். தாயிடம் காட்ட ஒரு தாள்கூட இல்லை. பிறப்புப் பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகன் அல்ல) என்று அச்சாகி வருகிறது. 12 வயதில் வகுப்புப் பிள்ளைகள் மைகார்டு எடுக்கப் போகும்போது இந்தப் பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கும். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம். பிடிபிடிஎன் உயர்கல்விக் கடனுக்கு மனுப் போடவே முடியாது.

பிறகு பதிந்துகொண்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். மலேசியத் தகப்பனுக்குப் பிலிப்பீன்ஸில் பிறந்த பிள்ளை ஒன்றின் வழக்கில், பெற்றோர் சில மாதங்களிலேயே திருமணத்தைப் பதிந்திருந்தும், 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் குடியுரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது.

இப்படிப்பட்ட குடும்பம் வக்கீலிடம் போனால் அவர் ஆதாரம் கேட்பார். ஆதாரத்தை யார் தேடுவது? தோட்டம் கைமாறிவிட்டது, லயத்தை இடித்துவிட்டார்கள், கிராணி காலமாகிவிட்டார். தாயைக் குழந்தையாகக் கையில் ஏந்திய மருத்துவச்சி, தன் மகள் வீட்டில் எங்கோ இருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசி, பழைய தமிழ்ப்பள்ளிப் பதிவேட்டில் தாயின் பெயரைக் கண்டெடுப்பது சமூகப்பணி. அதையே சத்தியப் பிரமாணமாக எழுதி, அரசமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமை மனுவாக்குவது சட்டம். இரண்டும் ஒருவருக்கே தெரிந்திருந்தால் அந்தக் குடும்பம் வாசல் வாசலாக அலைய வேண்டியதில்லை. அப்படி ஒருவர் போதாது, பத்துப் பேர் வேண்டும். அதற்காகத்தான் கற்பிக்கிறேன்.

இங்கே ஸ்பிரிங்வேல் என்ற புறநகரில், மோனாஷ் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 1970களிலேயே வக்கீலின் மேற்பார்வையில் ஏழைகளின் வழக்குகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள். படிப்பில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. நமக்கும் வெகுதூரம் போக வேண்டாம். மல்டிமீடியா பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை மலாக்கா வளாகத்திலேயே இருக்கிறது. கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு நாற்காலி போட்டு, அந்த மாணவர்களையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் ஏன் அழைக்கக் கூடாது?

சமூகப்பணியைப் படிப்பாகவே எண்ணாத பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மூவாரில் சிறுவயதைக் கழித்த எஸ். ஆர். நாதன் சமூக ஆய்வியல் டிப்ளோமா படித்து, 1955இல் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகத்தான் சிங்கப்பூர் அரசுப் பணியைத் தொடங்கினார். பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரானார். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் இந்தப் படிப்பை நடத்துகிறது. கேட்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

கோயில் நிர்வாகத்தாரே, முகூர்த்தம் குறிக்கும் முன் பதிவு மனுவைக் கேளுங்கள். 21 நாள் அறிவிப்புக்கு இடம் விட்டுத் தேதி வையுங்கள். அட்டை இல்லாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். 15ஏ மனுவுக்கு வயது வரம்பு உண்டு. இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போங்கள்.

அன்புடன்,
மெல்பர்னிலிருந்து உங்கள் தோட்டத்துப் பெண்