இடாப்பு மெலிந்தால் பள்ளியை மூடுவதா?

முதலாம் வகுப்பிற் சேரப் பிள்ளைகள் இல்லாத ஆரம்பப் பாடசாலைகள் வடபகுதிக் கிராமங்களிற் பெருகி வருகின்றன. அவற்றை மூடிவிடலாம், அன்றேல் அயற்பள்ளியோடு இணைத்துவிடலாம் என்ற யோசனையும் கூடவே எழுகின்றது. இடாப்பை மாத்திரம் பார்த்து வழங்கும் இத்தீர்ப்பு நீதியானதன்று என்பதே எமது துணிபு.

இடாப்பு மெலிந்தது ஏன்? 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, அன்று கிளிநொச்சியையும் உள்ளடக்கியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2012இல் இரு மாவட்டங்களையும் கூட்டினும் தொகை 7 இலட்சத்தை எட்டவில்லை. போரும், 1990இல் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமையும், 1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வும், கடல் கடந்த குடியேற்றமும் ஊர்களை வெறுமையாக்கின. பிறப்பும் அருகிவிட்டது. நாடு முழுவதிலும் 2012இல் மூன்றரை இலட்சத்தை அண்மியிருந்த பிறப்புகள், 2023இல் இரண்டரை இலட்சத்துக்குக் கீழே இறங்கின. இவற்றுக்குக் கிராமத்துப் பள்ளியா பொறுப்பாளி?

மிஷனரிமாரும், சைவ வித்தியாவிருத்திச் சங்கமும், ஊர்ப் பெரியாரும் நிறுவிய பள்ளிகளிற் பெரும்பாலானவற்றை 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆதனத்தை ஏற்றவர் கடமையையும் ஏற்றவரே. ஐந்து வயது தொடக்கம் பதினாறு வயது வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரைச் சட்டம் கட்டாயப்படுத்துகின்றது. அங்ஙனமாயின், பிள்ளை நடந்து செல்லும் தூரத்திற் பள்ளி இருத்தல் வேண்டுமல்லவா?

ஆயினும், பழி முழுவதையும் அரசாங்கத்தின் தலையிற் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. ஊர்க் கூட்டத்திற் பள்ளியைக் காப்போமென முழங்கும் சட்டத்தரணியின் பிள்ளையும், வைத்தியரின் பிள்ளையும் விடியற்காலையில் நகரத்துப் பள்ளிக்கு வாகனம் ஏறுகின்றன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சை மீதுள்ள மோகம் அவர்களை இழுக்கின்றது. வசதி படைத்த கமக்காரரும் அவர்களைப் பின்பற்றுகின்றனர். எஞ்சுவோர் கூலியாளரின் பிள்ளைகளே. கேட்பார் அற்ற பள்ளிக்கு ஆசிரியர் வருவதில்லை. ஆசிரியர் இல்லாப் பள்ளிக்குப் பிள்ளைகள் வருவதில்லை. பள்ளி மூடப்பட்டால் முதலில் படிப்பை இழப்பவை, வாகனக் கூலி கொடுக்க இயலாத அவ்வேழைகளின் பிள்ளைகளே.

எனவே, ஊராரின் சம்மதமின்றி எப்பள்ளியையும் மூடலாகாது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். இணைத்தே தீரவேண்டுமாயின், இலவசப் போக்குவரத்தை முதலில் ஒழுங்கு செய்தல் வேண்டும். இவற்றை அரசாங்கத்திடம் கேட்கின்றோம்.

உத்தியோகத்தரிடமும் கமக்காரரிடமும் நாம் கேட்பது ஒன்றே: முதல் ஐந்து ஆண்டுகளுக்கேனும் உங்கள் பிள்ளையை உங்கள் ஊர்ப் பள்ளியிற் சேருங்கள். அடுத்த ஆண்டின் முதலாம் வகுப்பு இடாப்பில் அப்பெயர்கள் ஏறட்டும். அதன்பின் நாம் எழுப்பும் குரலை எவரும் அலட்சியம் செய்தல் இயலாது.