பொனட்டைத் திறக்காமல் "கிளச் பிளேட் போயிட்டு" என்று சொல்லாதீர்கள்



கராஜ் வைத்திருக்கும் சகோதரர்கள் சிலருக்கு இந்தப் பதிவு பிடிக்காது. என்னிடம் படித்த பிள்ளைகளும் அவர்களில் இருக்கிறார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் பாடசாலை டீச்சர் ஒருவரிடம் பழைய கொரோல்லா 110 இருக்கிறது. கியர் விழ மறுத்தது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். கராஜில் பொனட்டைக்கூடத் திறக்காமல் தீர்ப்பு வந்தது: "டீச்சர், கிளச் பிளேட் போயிட்டு. கியர் பொக்ஸ இறக்கணும்." சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் புதிதாகப் போட்டார்கள். நான்காம் நாள் அதே சத்தம்! கடைசியில் பார்த்தால், ஸ்லேவ் சிலிண்டருக்குள் இருந்த ஒரு சின்ன ரப்பர் கசிந்துகொண்டிருந்தது. பூட்டும்போது ஒயில் நிரப்பிக் காற்றும் எடுத்ததால் மூன்று நாள் ஓடியிருக்கிறது. அவ்வளவுதான். அந்தக் காரில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பொக்ஸுக்கு வெளியேதான் இருக்கிறது. அதை மாற்ற எதையும் இறக்கத் தேவையில்லை.

மாருதி 800 போன்ற கார்களில் கிளச்சுக்குக் கேபிள். ஹைட்ரோலிக் கிளச்சில் அந்த வேலையை ஒயில் செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஒயிலைத் தள்ளும். அது குழாய் வழியே போய் ஸ்லேவைத் தள்ளும். ஸ்லேவ் கிளச்சை விடுவிக்கும். நடுவில் ஒயில் கசிந்தாலோ காற்றுப் புகுந்தாலோ கிளச் முழுதாக விடாது. பிளேட் புத்தம் புதிதாக இருந்தாலும் விடாது.

ஆகவே சாவியைக் கொடுக்குமுன் நீங்களே பாருங்கள்:

1. இன்ஜின் நிற்கும்போது கியர் லேசாக விழுந்து, ஸ்டார்ட்டில் விழ மறுத்தால் கிளச் விடவில்லை. பெடலை இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்ததும் கியர் விழுந்தால், முதலில் ஒயில் பக்கத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

2. ஒயில் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால், பெடலுக்கு மேலே மாஸ்டரின் தண்டு நுழையும் இடத்தைத் தடவுங்கள். ஈரமென்றால் மாஸ்டர். ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கும்போது ஒயில் வடிந்தால் ஸ்லேவ்.

3. எங்கும் கசிவில்லை, ஆனால் மிதித்துப் பிடித்திருக்கும்போது கிளச் மெல்ல மெல்லப் பிடிக்கிறதா? மாஸ்டரின் உள் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

4. ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஸ்லேவின் தண்டைப் பாருங்கள். கொஞ்சமாக நகர்ந்தால் கோளாறு ஒயில் பக்கம். நன்றாகத் தள்ளியும் கிளச் விடவில்லை என்றால்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

பிளேட் தேய்ந்ததற்கு அடையாளம் வேறு. கடுகண்ணாவை ஏற்றத்தில் நான்காம் கியரில் அக்சிலரேட்டரை அமர்த்தினால் இன்ஜின் அலறும், கார் வேகம் எடுக்காது. அப்போது கியர் பொக்ஸை இறக்கச் சொன்னால் நியாயம்.

"சேர், நீங்க படிப்பிக்கிற வேலையைப் பாருங்க" என்று சொல்வீர்கள். விடைத்தாளைத் திறக்காமல் நான் புள்ளி போட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

குற்றம் கராஜில் மட்டும் இல்லை. அரை மணித்தியாலம் படுத்துப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்தவருக்கு, "சும்மா பாத்ததுக்கு என்ன காசு?" என்று கேட்கிறோம். பார்த்ததற்குக் கூலி கொடுக்காத ஊரில் சாமானை மாற்றித்தான் கூலி எடுப்பார்கள். அதோடு, கிளச் டப்பாவில் கையில் கிடைத்த இன்ஜின் ஒயிலை ஊற்றுகிறவர்களும் நாமே. அது ரப்பரை ஊதிப்போக வைக்கும். மூடியில் டொட் 3 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். இந்த ஒயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. 2025இல் திறந்தபிறகும் புதிய வாகனம் நம்மில் எத்தனை பேருக்குக் கைக்கு எட்டும்? இந்தப் பழைய கார்களைத்தான் நாம் ஓட்டப்போகிறோம்.

கராஜ் சகோதரர்களே, நிறுவையில் குறைப்பது மட்டும் மோசடி இல்லை. பார்க்காமல் சொல்வதும் அதில் சேரும். வாகனக்காரர்களே, பார்த்ததற்குக் கூலி கொடுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சாமான்.